முகப்புப் பக்கத்தில் மூன்று பேர்

வெப்சைட் வேண்டும் என்று தயாளன் சொன்ன அன்றே எனக்கு உறுத்தியது. அவன் எங்கள் 'ஸ்லோ பாசஞ்சர்' குழுவின் பாடகன். நான் சவுரிமுத்து, பேஸ் கிடார். கீபோர்டுக்கு உமேஷ், டிரம்ஸுக்கு லக்ஷ்மிநாராயணன். தாம்பரத்தில் சாஃப்ட் ராக் வாசித்தே தலை நரைத்துப்போன நாலு பேர். எண்பத்தொன்றில் எங்கள் ஒரே கேசட் வந்தபோது அட்டையில் என் பெயர் மட்டும் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போச்சு என்றான் தயாளன். இருபத்திரண்டு வருடமாக நான் அதை நம்பவில்லை.

ஜனவரியில் காட்டாங்குளத்தூர் கல்லூரி ஒன்றில் கச்சேரி. வெகுகாலம் கழித்து எங்கள் சொந்தப் பாட்டுகள். அதற்காகத்தான் இந்த வெப்சைட். அதைச் செய்ய வந்த ஷாயிஸ்தா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் டிசைன் கம்பெனி நடத்துபவள். கெட்டிக்காரி. பிராண்டிங் என்றாள், லோகோ என்றாள், வெளிர்நீலம்தான் உங்கள் நிறம் என்றாள். இத்தனை நாள் நிறமே இல்லாமலா வாசித்தோம் என்று கேட்டேன், சிரித்தாள். தயாளன் மட்டும் தனியாகப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறான் என்று உமேஷ் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் அவளே போன் செய்தாள்.

"சார், உங்க தனி போட்டோ வேணாம். தயாளன் சார் வேணாம்னுட்டாரு."

"என்னோடது மட்டுமா?"

"இன்னொரு கால் வருது சார், அவர்கிட்டயே கேட்டுக்குங்களேன்."

நான் கேட்கவில்லை. கேட்டால் மழுப்புவான்.

வெப்சைட் வந்த அன்று கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். சின்ன மானிட்டர். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. லக்ஷ்மிநாராயணன், உமேஷ், தயாளன். அவ்வளவுதான். தயாளனின் தோளோடு படம் முடிந்தது. அந்தத் தோளில் நாலு விரல் தெரிந்தது. என் விரல்கள்.

நேராக மாடம்பாக்கத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். "வாங்கண்ணா, காபி போடட்டுமா?" என்றாள் அவன் மனைவி சுந்தரவல்லி. அவளுக்குப் பதில் சொல்லக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

"என்னை வெட்டிட்ட இல்ல?"

"என்னடா உளர்ற?" என்றான் தயாளன்.

"நடிக்காத. உன் தொண்டை போய் எட்டு வருஷம் ஆச்சு, தெரியுமா உனக்கு? மேல எட்ட மாட்டேங்குதுன்னு உனக்குத் தெரியாம நாங்க ஸ்ருதியை இறக்கி வாசிக்கிறோம். மொதல்ல அரைக் கட்டை, இப்ப ஒண்ணரை. உமேஷ் கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்குவான், நான் கம்பியைத் தளர்த்துவேன். நீ என்னமோ இன்னும் பழைய மாதிரி பாடறதா நெனச்சுக்கிட்டு இருக்க!"

அவன் எழுந்து போய்த் தன் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தான். பெரிய மானிட்டர். நாலு பேரும் இருந்தோம். வலது ஓரத்தில் நான், அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக.

"சின்ன மானிட்டர்ல பாத்திருப்ப. கீழ ஒரு பட்டை இருக்கும், அதை வலது பக்கம் தள்ளணும். தனித்தனி போட்டோ யாருக்குமே வேணாம்னேன். தனியாப் போட்டா பாடறவன்தான் பெருசாத் தெரிவான். நாலு பேரும் சேந்து நிக்கட்டும்னு சொன்னேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவன் மனசு நோகக் கூடாது என்றுதான் மூன்று பேரும் எட்டு வருடம் மூடி வைத்தோம். ஒரு நொடிக் கோபத்தில் நானே போட்டு உடைத்தேன்.

"கோவத்துல சொன்னேன்டா. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவன் உள்ளே போய் மகள் ஸ்ரீவித்யாவின் கிடாரை எடுத்து வந்து என் மடியில் வைத்தான்.

"கேசட்ல வர்ற மொதல் பாட்டு. அதே ஸ்ருதியில வாசி."

"வேணாம் மச்சான்."

"வாசிடா."

வாசித்தேன். இறக்கித் தொலைக்கலாமா என்று விரல் துடித்தது. ஆனால் அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. மறுபடி எடுத்தான். மறுபடியும் காற்றுதான். சமையலறை வாசலில் சுந்தரவல்லி வந்து நின்றாள்.

தயாளன் கிடாரை என்னிடமிருந்து வாங்கிச் சுவரோரம் சாய்த்தான்.

"உமேஷ்கிட்ட சொல்லிடு, ஜனவரி கச்சேரி இல்ல."

"தயா..."

"படத்துல நீ இருக்க. பாத்துட்ட இல்ல? கிளம்பு."