இடதுகைக் கதவு

"அந்த அடுப்பைக் கொண்டுபோய் இரும்புக்கடையில போட்டுடு தம்பி" என்று அக்கா சொன்னபோது, வெல்டருக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மாமா போய்ச் சேர்ந்து எட்டு மாதம். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். முப்பது வருஷம் அந்த மனுஷனை வாய் ஓயாமல் திட்டித் தீர்த்தவள் அக்கா. இந்த எட்டு மாதத்தில் அவள் அழவுமில்லை, அவர் பேச்சை எடுக்கவுமில்லை. அழுதிருந்தாலாவது பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருக்கலாம். வாயையே திறக்காதவளிடம் என்னத்தைச் சொல்வது? சமையலறையில் கதவும் புகைக்குழாயும் வைத்த இரும்பு விறகு அடுப்பு ஆறிக் கிடந்தது. அக்கா கெட்டிலில் தண்ணீரைக் காய்ச்சி, ரொட்டியை நனைத்துத் தின்று பொழுதை ஓட்டினாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

"சரிக்கா" என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு, வெல்டர் புகைக்குழாயைக் கழற்றினார். நாலு பேரைப் பிடித்து அடுப்பை வண்டியில் ஏற்றினார். இரும்புக்கடை வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி, நேரே தன் பட்டறையில் இறக்கினார். அடுப்பு மறுபடி எரிந்தால் அக்காவும் பழைய அக்காவாகிவிடுவாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அசட்டு நம்பிக்கைதான், ஆனால் வெல்டிங் தெரிந்தவன் வேறு எதை நம்புவான், சொல்லுங்கள்.

ஒன்பது நாள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததில் துரு உதிர்ந்து, அவர் மூக்குத்துளை வரைக்கும் சிவப்பு. பின்பக்கத் தகட்டில் விரல் நுழையும் ஓட்டை ஒன்று. துண்டுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். உள்ளே வெடித்திருந்த செங்கற்களைப் பெயர்த்துப் புதுசு பதித்தார். கதவின் விளிம்பில் புகை கசியாமல் இருக்க ஒரு கயிறு ஓடும், சூடு தாங்குகிற கயிறு. கருகிப்போயிருந்த அதைப் பிய்த்து எறிந்து புதிதாக ஒட்டினார். கடைசியில் கறுப்புப் பூசித் துணியால் துடைத்தார். சும்மா சொல்லக்கூடாது, முகம் பார்க்கலாம் போல இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷர் நிறுத்தவில்லை.

மாமா இடதுகைக்காரர். காலையில் முதலில் எழுந்து நெருப்பு மூட்டுகிறவர் அவர்தான் என்பதால், அடுப்பு வாங்கிய அன்றைக்கே கதவின் கீலை வலப்பக்கம் மாற்றி, கைப்பிடியைத் தன் இடது கைக்கு வாகாக வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பகல் முழுக்க அடுப்போடு மல்லுக்கட்டியவள் அக்கா. அவள் வலது கை ஒவ்வொரு தடவையும் சூடான கதவைக் குறுக்கே தாண்டிப் போகும். முழங்கைக்குக் கீழே கோடு கோடாகத் தழும்பு. "இடதுகை மனுஷனைக் கட்டிக்கிட்டு என் கை வெந்து போச்சு" என்பதை வெல்டர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். அந்த முப்பது வருஷப் புலம்பலை, பாவம், அவர் நிஜமான மனுவாகவே எடுத்துக்கொண்டார். கீலை இடப்பக்கம் மாற்றினார். பழைய திருகாணி ஓட்டைகளை அடைத்து, இழைத்து, அடையாளமே தெரியாமல் கறுப்பு பூசினார்.

அடுப்பைத் திரும்பக் கொண்டுவந்து பூட்டியபோது அக்கா கோபிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, வலது கையைக் குறுக்கே நீட்டினாள். கைப்பிடி அங்கே இல்லை. விரல்கள் கீல் மேல் போய் நின்றன.

"உன் கைக்கு வசமா மாத்திட்டேன்க்கா. இனிமே சுடாது."

"ம்."

"பத்தவைக்கட்டுமா?"

"வேணாம். நல்லா இருக்கு. புதுசு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா போய்க் கெட்டிலின் ஸ்விட்சைப் போட்டாள். தண்ணீர் காய்கிற வரைக்கும் முழங்கைத் தழும்பை மெல்லத் தடவிக்கொண்டே நின்றாள்.

மாமாவின் கை பட்டிருந்த ஒரே இடத்தை இழைத்துத் தள்ளிவிட்டோமே என்று வெல்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குக்கா" என்று சொல்லி, போய் டிரில்லிங் மெஷினை எடுத்துவந்தார். கதவைக் கழற்றிவிட்டு, பழைய ஓட்டை எங்கே என்று தடவிப் பார்த்தார். அகப்படவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. தன்னையே நாலு திட்டுத் திட்டிக்கொண்டார்.

"அக்கா, இங்க வா. கதவு இருக்கறதா நெனச்சு, முன்ன மாதிரி தெற பாப்போம்."

"என்னடா விளையாட்டு இது?"

"தெறக்கா."

அக்கா குனிந்தாள். இடது தோள் தானாகப் பின்னால் போனது. வலது கை குறுக்கே போய், இல்லாத கதவின் சூட்டுக்குப் பயந்து முழங்கையை உயர்த்தியது. விரல்கள் ஓரிடத்தில் மடங்கின. வெல்டர் அந்த இடத்துக்கு நேரே அடுப்பின் சட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கைப்பிடி இருந்த இடம் தெரிந்துவிட்டால் கீலின் இடம் கணக்குத்தானே. அக்கா கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலத்துக்குள் கதவு பழைய பக்கமே வந்துவிட்டது. வெல்டர் நெருப்பு மூட்டினார். புகை ஒழுங்காகக் குழாயில் ஏறியது. கால் மணி நேரம் கழித்து அக்கா ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வந்து, கதவைத் திறந்தாள். சுரீரென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் வெச்சிருக்காரு பாரு கதவை" என்றாள். "ஒரு நாளாவது என் கையை நெனச்சுப் பாத்தாரா அந்த மனுஷன்? இப்பப் போய்ச் சேந்த பிறகும் சுடறாரு பாரு."

சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. கட்டையை மடியில் போட்டுக்கொண்டு, அடுப்பு முன்னால் உட்கார்ந்து, எட்டு மாத அழுகையையும் அழுதாள். நடு நடுவே திட்டினாள். குறட்டைக்குத் திட்டினாள், காலையில் இவளை எழுப்பாமல் தனியாக நெருப்பு மூட்டியதற்குத் திட்டினாள், சொல்லாமல் போனதற்குத் திட்டினாள்.

வெல்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாக்கா, ஆமா" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது.

வெகுநேரம் கழித்து அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தக் கெட்டிலை எடுத்து உள்ள வை" என்றாள். "உக்காரு. சாப்பிட்டுட்டுப் போகலாம்."