அடுப்பு வாயும் எர்காஷின் வயிறும்

மர்கிலான் நகரில், பட்டுத் தறிகள் ஓடும் தெருவுக்குப் பின்பக்கம் ரொட்டி சுடும் எர்காஷ், பிப்ரவரி மாதத்துக் காலை ஒன்றில் தன் சொந்த அடுப்புக்குள் மாட்டிக்கொண்டார். முப்பது வருஷமாகச் செய்கிற வேலைதான். மாவு வட்டத்தைக் கையுறைத் திண்டில் ஏந்தி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, தந்தூர் அடுப்பின் வாய்க்குள் இடுப்பு வரை நுழைந்து, பின்சுவரில் பட்டென்று அறைந்துவிட்டு வெளியே வர வேண்டும். அன்றைக்கு நுழைந்தார், அறைந்தார், வெளியே வரவில்லை. வயிறு வாயை அடைத்துக்கொண்டது. கால்கள் இரண்டும் தரையைத் தேடி உதறிக்கொண்டிருந்தன.

ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு காலை இழுத்தவன் மச்சினன் ஷோகிர். இன்னொரு காலை இழுத்தவள் ரொட்டி வாங்க வரிசையில் முதலாவதாக நின்ற ஆய்தின். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், இன்னும் கை முறுக்கு குறையவில்லை. வெளியே வந்து விழுந்த எர்காஷுக்கு ஒரு பக்கப் புருவம் இல்லை. வரிசையில் நின்றவர்கள் முதலில் விசாரித்தது ரொட்டி கருகிவிட்டதா என்றுதான்.

ஷோகிர் பதினோரு வருஷமாக அந்தக் கடையில் மாவு பிசைகிறான். அடுப்பு வாயில் நிற்பவர்தான் கடைக்கு எஜமான். மாவு பிசைகிறவன் என்றைக்கும் மாவு பிசைகிறவன். அத்தானைவிட ஒரு சுற்றே ஒல்லியாக இருந்த ஷோகிர், அவருடைய சட்டையில் ஒட்டிய சாம்பலை அன்போடு தட்டிவிட்டபடியே பேச்சை ஆரம்பித்தான்.

"அத்தான், உங்க நல்லதுக்குச் சொல்றேன். அடுத்த தடவ நாங்க பக்கத்துல இல்லன்னா நீங்களே ரொட்டியா வெந்துடுவீங்க. பேசாம வாய எங்கிட்ட விட்டுடுங்க."

எர்காஷுக்குச் சுருக்கென்றது. அந்த அடுப்பு அவருடைய அப்பா கையால் பூசியது. அதன் வாயில் நிற்காத எர்காஷை எர்காஷுக்கே தெரியாது. வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகைக்கு நாற்பது நாள் இருக்கிறது, அன்றைக்குக் காலையில் தெருவே பார்க்க இரண்டு பேரும் அடுப்புக்குள் நுழைவோம், சிக்காமல் வருகிறவன் வாயில் நிற்கட்டும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

மருத்துவமனையில் டாக்டர் நசீபா எடை பார்த்தாள். நூற்றுப் பதினான்கு கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை ரொட்டி சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, சாப்பிடுவதே இல்லை, சும்மா ருசிதான் பார்ப்பேன் என்றார் எர்காஷ். எத்தனை தடவை என்று கேட்டாள். ஆறு ஈடு, ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு? முழு ரொட்டி. வெறுமனேயா? பாலேடு தடவி. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாள் என்பது அவருக்குத் தெரிந்தது. பிறகு ரொட்டியை அடியோடு நிறுத்தச் சொன்னாள். அதற்குப் பதிலாக அவித்த கொண்டைக்கடலை, பாசிப்பயறு, பூசணிக்காய், முட்டைக்கோஸ் இலை, பச்சை முள்ளங்கி, ருஷ்யர்கள் தின்னுகிற கிரேச்கா தானியம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாள். ஆட்டுக்குத் தீவனம் எழுதிக் கொடுத்தது போலிருந்தது அவருக்கு.

வீட்டில் மனைவி முகத்தஸ் பட்டியலைப் படித்துவிட்டு தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஷோகிரின் கூடப்பிறந்த அக்காதான் அவள். ஆனாலும் இந்த விஷயத்தில் புருஷன் கட்சி. முதல் நாள் சேர்வாவோடு முள்ளங்கி வில்லைகளை அடுக்கி வைத்தாள். எர்காஷ் ஒரு வில்லையைச் சேர்வாவில் தோய்த்துப் பார்த்தார். சேர்வா வழுக்கிக்கொண்டு திரும்பக் கிண்ணத்துக்கே போனது.

"இது உறிஞ்ச மாட்டேங்குதே."

"நீங்க உறிஞ்சுங்க. அதுக்குத்தான் வாய் இருக்கு."

மறுநாள் கறியை முட்டைக்கோஸ் இலையில் சுருட்டித் தின்றார். அதற்கடுத்த நாள் கொண்டைக்கடலையை மசித்து வெங்காயம் தூவிக் கரண்டியால் தின்றார். கறியும் சேர்வாவும் ரொட்டி இல்லாமலேயே உள்ளே போகின்றன என்பது ஐம்பத்து நான்கு வயதில் அவருக்குத் தெரியவந்தது. கடைசி ஈடு முடிந்து அடுப்பு தணிகிற நேரத்தில் ஒரு பூசணித் துண்டை உள்ளே வைத்துப் பார்த்தார். அது வெந்து, ஓரம் கருகி, தேன் மாதிரி கசிந்தது. அந்தப் பூசணியை மட்டும் அவர் மனசார மெச்சிக்கொண்டார். ஆனால் சுவருக்கு முகம் காட்டி நின்றுதான் தின்றார், யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு ஈட்டிலும் வெளியே வருகிற முதல் ரொட்டியை எஜமான் வரிசைக்கு முன்னால் நின்று பிட்டுத் தின்ன வேண்டும் என்பது அவர் தாத்தா காலத்திலிருந்து கடை வழக்கம். அவர் விழுங்கிய பிறகுதான் ஜனங்கள் கையை நீட்டுவார்கள். ரொட்டிக்கடைக்காரன் தன் ரொட்டியைத் தொடவில்லை என்று தெரிந்தால் மாவில் என்ன கலந்தான் என்றுதான் முதல் கேள்வி வரும். தின்பது போலப் பாவனை செய்து மேலங்கிக்குள் தள்ளிவிடலாமா என்று ஒரு நாள் முயன்றார். சாயங்காலம் வீட்டில் அங்கியைக் கழற்றினால் ஆறு ரொட்டி. கீழே போட முடியுமா? ரொட்டியைக் குப்பையில் போட்ட கை எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. முகத்தஸ் ஒவ்வொன்றையும் நெற்றியில் ஒற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். தினமும் அனுப்பினால் பக்கத்து வீட்டுக்காரிக்கு மூக்கு வேர்த்துவிடும்.

நான்காம் நாள் காலை, முதல் ரொட்டி ஆவி பறக்க வெளியே வந்தது. வரிசை முழுக்க எர்காஷின் வாயைப் பார்த்தது. அவர் பிட்டார், பாலேடு தடவினார், வாய் வரைக்கும் கொண்டுபோனார். பக்கத்தில் மாவுப் பலகையருகே ஷோகிர் நின்றிருந்தான். அந்த நொடியில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"மாப்ள, நாளைக்கு இந்த வாய்ல நிக்கப் போறவன் நீ. ருசி உன் நாக்குல ஏறணுமில்ல? இந்தா."

கையில் வைத்து நீட்டிய ரொட்டியை வேண்டாம் என்று சொல்கிற ஆளை மர்கிலானில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதுவும் இருபது பேர் பார்க்க, எஜமான் கையிலிருந்து. ஷோகிரின் காது மடல் சிவந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் மரியாதை. கண்ணை மூடிக்கொண்டு மென்று, சற்று யோசித்து, உப்பு சரியாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னான். வரிசை கையை நீட்டியது. எர்காஷுக்கு அப்பாடா என்றிருந்தது.

இதுவரைக்கும் அவர் மனசில் கள்ளம் இல்லை என்று சொல்லலாம். தப்பிக்க வழி தேடியவர், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் ஷோகிர் இடைவாரில் ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருப்பதைக் கவனித்தார். அன்றைக்கு மத்தியானமே பால்காரியிடம் போய், இனிமேல் பாலேடு இரண்டு பங்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். இதில் கள்ளம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு மச்சினன்மேல் எர்காஷ் காட்டிய பாசத்தைப் பார்த்துத் தெருவே உருகியது. முதல் ரொட்டி ஷோகிருக்கு. எள்ளு தூவிய ரொட்டியில் எள்ளு அதிகமாக விழுந்த பக்கம் ஷோகிருக்கு. கிண்ணத்தில் மிஞ்சிய பாலேட்டை வழித்து அவன் துண்டின்மேல் அவரே தடவுவார். ஷோகிரும் முதல் சில நாள் கூச்சப்பட்டான். அப்புறம் ரொட்டி வெளியே வருகிற நேரம் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றான். வரிசைக்கு முன்னால் அவன் மெல்லுகிற தோரணையே மாறிவிட்டது. ஆய்தின் டீச்சர் அவனிடம், இன்னைக்கு எப்படி என்று கேட்டு, அவன் தலையாட்டிய பிறகே பையைத் திறந்தாள். எர்காஷ் இதைப் பார்த்தார், ஆனால் அவர் கண் ஷோகிரின் இடைவாரில் இருந்தது.

வீட்டில் முகத்தஸும் சும்மா இல்லை. விருந்தாளி வந்தால் விரிப்பில் ரொட்டி இருந்தாக வேண்டும், வீட்டுக்காரர் பிட்டுத் தின்றாக வேண்டும். அவள் அவித்த கிரேச்காவோடு முட்டையும் கெட்டித் தயிரும் பிசைந்து, வட்டமாகத் தட்டி, நடுவில் ரொட்டிக்குக் குத்துகிற பூ அச்சையே குத்திச் சட்டியில் சுட்டெடுத்தாள். பார்வைக்கு அசல் ரொட்டி. எர்காஷ் அதைத் தனக்கு மட்டும் எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டு விருந்தாளிகளோடு கம்பீரமாகப் பிட்டுத் தின்றார். ருசியும் மோசமில்லை. அது வயிற்றில் நின்றது, மத்தியானம் வரை பசிக்கவில்லை. முப்பது வருஷமாக ரொட்டி தின்ற ஒரு மணி நேரத்தில் பசி வந்ததன் ரகசியம் அவருக்கு மெல்லப் புரிந்தது.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஷோகிர் எதற்கோ வீட்டுக்கு வந்தான். அக்கா தேநீர் எடுக்க உள்ளே போன நேரம், அவன் விரிப்பில் உட்கார்ந்து கைக்கு எட்டிய ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டான். அது அந்தக் கிரேச்கா ரொட்டி. எர்காஷ் தடுக்கக் கையை நீட்டுவதற்குள் அது உள்ளே போய்விட்டது. ஷோகிர் மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். பிட்ட துண்டைத் திருப்பிப் பார்த்தான், அத்தானின் வயிற்றைப் பார்த்தான், தன் வயிற்றைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு விழுங்கிவிட்டு, ரொட்டி நன்றாக இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனான்.

எர்காஷ் அன்றைக்கு நிம்மதியாக இல்லை. காலையில் கடையில் பூகம்பம் வெடிக்கும் என்று எதிர்பார்த்தார். வெடிக்கவில்லை. முதல் ரொட்டியை நீட்டினார், ஷோகிர் வாங்கித் தின்றான். ஆறு ஈட்டுக்கும் தின்றான். இனி ஒரு வாரத்தில் என்ன பெரிதாக இளைத்துவிட முடியும் என்று விட்டுவிட்டான் போல, என்று எர்காஷ் தன்னைத் தேற்றிக்கொண்டார். அப்படி நினைக்க அவருக்கு வசதியாக இருந்தது.

நவ்ரூஸ் காலையில் தெரு கடை முன்னால் கூடிவிட்டது. எர்காஷ் நூறு கிலோ, புருவம்கூட வளர்ந்திருந்தது. அவர் பெருந்தன்மையாக, நீயே முதலில் போ மாப்ள என்றார். ஷோகிர் மாவு வட்டத்தை ஏந்தி, மூச்சை இழுத்து, உள்ளே நுழைந்தான். மார்பு போனது. வயிறு போகவில்லை. பக்கவாட்டில் திரும்பி முயன்றான். அப்புறம் கொஞ்சம் போனது, திரும்பி வரவில்லை. ஆய்தின் ஒரு கால், எர்காஷ் ஒரு கால். கூட்டம் சிரித்த சிரிப்பில் தறிகள் நின்றுவிட்டன. முகத்தஸ் மட்டும் தம்பியின் முகத்தைத் துடைத்துவிட்டு, புருஷனை ஒரு முறை முறைத்தாள்.

எர்காஷ் நுழைந்தார். இடுப்பு வரைக்கும் வழவழவென்று போனது. பின்சுவரில் அறைந்தார், வந்தார். மறுபடி நுழைந்தார். அடுப்பு நிறைந்தது. அப்பா பூசிய அந்த வாய் தன்னை மறுபடி ஏற்றுக்கொண்டதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிக்கொண்டார். முதல் ரொட்டி சிவந்து வெளியே வந்தது. இன்றைக்கு ஒரு நாள் டாக்டர் மன்னிப்பாள் என்று தீர்மானித்து, வரிசையைப் பார்த்தபடி அதைப் பிட்டார்.

வரிசை அவரைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் சாம்பலும் மாவுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஷோகிர்மேல் இருந்தது.

"அவன் கடிக்கட்டும்பா. நாப்பது நாளா அவன் வாயப் பாத்துத்தானே வாங்கறோம். நீ சுட்டா போதும் எர்காஷு, உன்னை யாரு திங்கச் சொன்னா?" என்றாள் ஆய்தின்.

எர்காஷுக்குக் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. முப்பது வருஷ எஜமானத்தனத்தைப் பாலேடு தடவித் துண்டு துண்டாகத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுப்பு அவருடையது, ரொட்டி அவருடையது இல்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த வாசனையில் நாக்கு வேறு ஊறியது.

ஷோகிர் எழுந்து வந்தான். ரொட்டியை வாங்கி, ஒரு துண்டு தின்று, வரிசைக்குத் தலையாட்டினான். மிச்சத்தில் பாலேட்டை வழித்து வழித்துத் தடவினான், ஓரம் வரைக்கும். இருபது பேர் பார்க்க அதை அத்தானுக்கு நேராக நீட்டினான். முகத்தில் அத்தனை பணிவு.

"நாளைக்கும் இந்த வாய்ல நிக்கப் போறவர் நீங்க அத்தான். ருசி உங்க நாக்க விட்டுப் போயிடக் கூடாதில்ல? இந்தாங்க."

கையில் வைத்து நீட்டிய ரொட்டி. எர்காஷ் மச்சினனின் கண்ணைப் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவசரமும் இல்லை. அடுத்த நவ்ரூஸில் மறுபடி நுழைந்து பார்க்க முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது. அவர் வாங்கித் தின்றார். நாற்பது நாளைக்கு அப்புறம் அந்த ருசி உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

இரண்டாவது ஈட்டில் ஷோகிர் மறுபடி நீட்டினான். மூன்றாவதிலும் நீட்டினான். ஒவ்வொரு தடவையும் எர்காஷ் வீட்டில் காத்திருக்கும் பூசணியை நினைத்துக்கொண்டுதான் வாங்கினார். ஆறாவது ஈட்டில் அவன் நீட்டுவதற்கு முன்பே கையை நீட்டியிருந்தார்.

"பாலேடு கொஞ்சம் தூக்கலா வை, மாப்ள," என்றார்.