சாட்டியில் நீச்சல் வகுப்பு

முதியோர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சறோஜினிதேவி அந்தச் சொல்லைச் சொன்னது பாதி எரிச்சலில்தான்.

வேலணைப் பொதுமண்டபத்தில் அன்றைக்கு முப்பது பேர் வரையில் இருந்தார்கள். சமூகசேவை உத்தியோகத்தர் தர்சனா, ஓய்வுபெற்றவர்களுக்கு இந்த வருடம் நடத்தக்கூடிய வகுப்புகளை ஒரு தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். தையல், பூக்கட்டுதல், பனையோலைப் பெட்டி, யோகாசனம், சத்துணவு, பண்ணிசை. ஒவ்வொன்றுக்கும் யாராவது கையை உயர்த்தினார்கள். முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்து, உப அதிபராக ஓய்வுபெற்ற சறோஜினிதேவி எதற்கும் உயர்த்தவில்லை.

"ரீச்சருக்கு ஒண்டும் பிடிக்கேல்லையோ?" என்று தர்சனா கேட்டாள்.

"பிடிக்கிறது பிடிக்காதது இல்லைப் பிள்ளை. நீர் வாசிச்சதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச சங்கதி. தெரிஞ்சதைத் திருப்பிப் படிக்கிறதுக்கு என்னத்துக்கு வகுப்பு? தெரியாத ஒண்டைச் சொல்லித் தாரும்."

"அப்ப ரீச்சருக்கு என்ன தெரியாது?"

தர்சனா அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதுவதற்காகவே கேட்டாள். ஆனால் உனக்கு என்ன தெரியாது என்று சறோஜினிதேவியிடம் யாரும் கேட்டுப் பல காலமாகிவிட்டது. அவர் கொஞ்சம் யோசித்தார். நாலு பக்கமும் தண்ணீர் உள்ள ஊரில் பிறந்து அறுபத்தெட்டு வருடம் ஆகிறது. கணுக்காலுக்கு மேலே கடல் அவரை நனைத்ததில்லை.

"நீந்தத் தெரியாது."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு மேலாகப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ர பேரையும் எழுதும் பிள்ளை!"

ஊர்காவற்றுறை அல்போன்சம்மா. வயது எழுபத்தொன்று. நாற்பது வருடம் சந்தையில் மீன் விற்றவர். "எனக்குக் கடலைத் தெரியும், கடலுக்குத்தான் என்னைத் தெரியாது. எங்கடை ஆம்பிளையள் கடலிலை நிண்டாங்கள், நாங்கள் கரையிலை வலையோட நிண்டம். இனியாவது இறங்கிப் பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு சிரிப்பு ஓய்ந்து பெயர்கள் வரத் தொடங்கின. தபாலதிபராக இருந்த சிவபாதம் உட்பட ஏழு பேர் சேர்ந்தார்கள்.

இரண்டு கிழமை கழித்துத் தர்சனா தொலைபேசியில் அழைத்தாள்.

"ரீச்சர், பழக்குறதுக்கு ஆள் கிடைச்சிட்டுது. ஊர்காவற்றுறையிலை எமிலியானுஸ் எண்டு ஒருவர். கடலட்டை பிடிக்கச் சுழியோடினவர். ஒரு காது பழுதாப் போனதாலை இப்ப தொழிலுக்குப் போறேல்லையாம். வாற சனிக்கிழமை சாட்டிக் கடற்கரையிலை தொடங்குவம்."

சறோஜினிதேவி "சரி" என்று சொல்லிவிட்டு, கையில் தொலைபேசியோடு குசினிக் கதிரையில் இருந்தார்.

முப்பத்தாறு வருடத்தில் எத்தனையோ பெயர்களை அவர் இடாப்பில் எழுதியிருக்கிறார். எமிலியானுஸ் என்ற பெயரை ஒரு தரம்தான் எழுதினார். 1980. ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு. அவருக்கு அப்போது இருபத்து நாலு வயது. பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது வாங்கில் ஒரு பெடியன் வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டான். முதல் நாளும் கொண்டான், அதற்கு முதல் நாளும் கொண்டான். வெண்கட்டியால் எறிந்து அவனை எழுப்பி அவர் சொன்னது இன்னும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

"கடலுக்குப் போறவனுக்கு என்னத்துக்குப் பின்னம்? வெளியிலை போய் நில்."

வகுப்புச் சிரித்தது. முன்வாங்கில் இருந்த, தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். அவருடைய சொந்தக்காரப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பெடியன் வெயிலில் போய் நின்றான். மணி அடித்தபோது அவன் அங்கே இல்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை. பிறகு அந்தப் பெயரைச் சிவப்பு மையால் வெட்டியதும் அவர்தான்.

சனிக்கிழமை வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் மகள் போன முறை வந்தபோது விட்டுப்போன பஞ்சாபி உடுப்பொன்றைப் போட்டுக்கொண்டு அவர் சாட்டிக்குப் போனார். சேலை இல்லாமல் அவர் தெருவில் இறங்கியது அதுதான் முதல் தடவை. ஆனால் உடுப்பைப் பற்றி வெட்கப்படக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. சவுக்கு மரங்களுக்குக் கீழே நின்ற மனிதனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயதிருக்கும். நரைத்த தாடி, கொஞ்சம் கூனல். யாராவது கதைத்தால் வலது காதைத் திருப்பிக்கொண்டு நிற்பான்.

"வாங்கோ ரீச்சர்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறதா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் வகுப்பில் கழுத்தளவு தண்ணீரில் இருந்து மூச்சை ஊதினார்கள். இரண்டாவதில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்கள். மூன்றாவதில் ஐந்து லீற்றர் வெறும் பிளாஸ்ரிக் கான்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மல்லாந்து மிதக்கப் பழகினார்கள். சிவபாதம் தன்னுடைய வண்டி வயிற்றோடு பனங்குற்றி மாதிரி மிதந்தார். அல்போன்சம்மா மாதாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே மிதந்துவிட்டார். சறோஜினிதேவிக்கு மட்டும் சரிவரவில்லை. உடம்பு மேலே வரும்போதெல்லாம் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"தலையை விடுங்கோ ரீச்சர். தலையைத் தூக்கினால் கால் தாழும்."

காது கேளாதவர்களின் வழக்கப்படி எமிலியானுஸ் சத்தமாகக் கதைத்தான். ஒவ்வொரு தடவையும் யாராவது திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எந்த வகுப்பிலும் கடைசியாக இருந்ததில்லை. அவருடைய வகுப்புகளில் கடைசியாக வந்த பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருந்தார்கள். அவர்களுடைய புள்ளிகள் அவருக்குத் தெரியும், பிழைவிடும் இடங்களும் தெரியும். ஆனால் காதுமடல் சூடாவது தெரியாது. பழக்குகிறவர் இந்தப் பக்கம் பார்க்கக் கூடாதென்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வது தெரியாது. சனிக்கிழமை விடியும்போதே வயிற்றுக்குத்து வந்துவிடாதா என்று படுத்திருப்பதும் தெரியாது. அதெல்லாம் அறுபத்தெட்டு வயதில் சாட்டிக் கடலில்தான் தெரியவந்தது.

நாலாவது வகுப்பன்று வாடைக்காற்றின் குளிர் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. ஏழெட்டுத் தரம் முயன்று ஏழெட்டுத் தரமும் அவர் தண்ணீருக்குள் தாண்டுபோனார். எமிலியானுஸ் அவருடைய முகத்தைக் கிட்ட வந்து பார்த்தான்.

"ரீச்சர், காணும். உங்களுக்கு இனி ஏலாது. வெளியிலை போய் நில்லுங்கோ."

எல்லோருக்கும் கேட்டது. அவருக்கு அதில் கடைசி மூன்று சொற்கள்தான் கேட்டன.

"பழி தீர்க்கிறீரோ?" என்று கேட்டுவிட்டார்.

அவன் வலது காதைத் திருப்பினான். "என்ன ரீச்சர்?"

இன்னொரு தரம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நனைந்த உடுப்போடு கரையேறி, துவாயைப் போர்த்திக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவர் போகவில்லை. மூன்றாவது சனிக்கு முதல் நாள் அல்போன்சம்மா ஊர்காவற்றுறையிலிருந்து பஸ் ஏறி வந்து படலையைத் திறந்தார்.

"என்ன, சின்னப் பிள்ளையள் மாதிரி வகுப்புக்குக் கள்ளமோ?"

"தடிமன்."

"தடிமன்காரரின்ர மூக்கு இப்பிடி இராது ரீச்சர்."

சறோஜினிதேவி தேத்தண்ணீர் ஊற்றினார். பிறகு, இவ்வளவு காலமும் தன் கணவருக்கோ மகளுக்கோ சொல்லாத கதையை, சந்தையில் மீன் விற்ற அந்தப் பெண்ணுக்குச் சொன்னார். வகுப்பில் சொன்ன வசனத்தையும் ஒளிக்காமல் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான், தான் அதை யாருக்குச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கடலுக்குப் போனவனின் மனைவி, கடலுக்குப் போகிறவர்களின் தாய்.

அல்போன்சம்மா ஆறுதல் சொல்லவில்லை. கோபிக்கவுமில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதை எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? ஆருக்குச் சொன்னியளோ அவனிட்டைப் போய்க் கதையுங்கோ. மற்றது, அவன் அண்டைக்கு உங்களை வெளியிலை விட்டது, உங்கடை உதடு நீலமாப் போனதாலை. நீங்கள் போன பிறகு எங்களுக்கும் பழக்கேல்லை. ரீச்சர் ஒழுங்கா வீட்டை போய்ச் சேர்ந்தாவோ எண்டு என்னைத்தான் போட்டு அரிச்சவன்."

மறுநாள் சறோஜினிதேவி முதல் பஸ்ஸில் போனார். எமிலியானுஸ் மட்டும் வந்திருந்தான். சவுக்கு வேரில் இருந்துகொண்டு கான்களைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தான். அவர் பக்கத்தில் இருந்து, வழியெல்லாம் யோசித்து வைத்த வசனத்தைச் சொன்னார். அவன் நிமிரவே இல்லை. அப்போதுதான் தான் இருப்பது இடது பக்கம் என்று தெரிந்தது. எழுந்து மற்றப் பக்கம் போய் இருந்தார். யோசித்து வைத்த வசனம் அதற்குள் எங்கோ போய்விட்டது.

"எமிலியானுஸ், நீர் எட்டாம் வகுப்பிலை என்னட்டைப் படிச்சனீர்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனீரோ?"

"தர்சனாப் பிள்ளை உங்கடை பேரைச் சொன்ன உடனை தெரியும். நீங்களாக் கதைப்பியள் எண்டு பாத்தனான். பிறகு நினைச்சன், மறந்திட்டியளாக்கும் எண்டு."

"மறக்கேல்லை."

அவர் அந்த வசனத்தை அப்படியே திருப்பிச் சொன்னார். பின்னம், கடல் எல்லாம். அவனுடைய கை முடிச்சில் நின்றது.

"அண்டைக்கு ஏன் வகுப்பிலை நித்திரை கொண்டனீர்?" என்று கேட்டார்.

எமிலியானுஸ் அவரை நேராகப் பார்த்தான்.

"இதை அண்டைக்கே கேட்டிருக்கலாம் ரீச்சர்."

"ஓம். கேட்டிருக்க வேணும்."

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அப்பாவுக்குக் கால் முறிஞ்சு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலை கிடந்தவர். நான் மாமாவோட விடியக் கருக்கலிலை வலை இழுக்கப் போறனான். கரைக்கு வந்து, உப்புக் கழுவாமல் அப்பிடியே பள்ளிக்கூடம். இன்னும் ரெண்டு கிழமைதான். அப்பா எழும்பியிருந்தால் எனக்கு அந்த வேலை இல்லை. பின்னம் எனக்குத் தெரியும் ரீச்சர். பிடிச்ச மீன் அப்பிடித்தானே பங்கு பிரியிறது. படகுக்குப் பாதி, மிச்சப் பாதியிலை ஆளுக்கு மூண்டிலை ஒண்டு. உங்கடை கேள்வியெல்லாம் அதை விடச் சுகம்."

சறோஜினிதேவி மண்ணைப் பார்த்தார். "என்னிலை கோவமே?" என்று கேட்டார்.

"இருபது வயது மட்டும் இருந்தது. உங்கடை வேலியைக் கடக்கேக்கை காறித் துப்பிப்போட்டுத்தான் போறனான்." அவன் கொஞ்சம் சிரித்தான். "பிறகு தொண்ணூறிலை ஆமி வந்திறங்க எல்லாரும் தீவை விட்டு ஓடினம். அதுக்குப் பிறகு கோவப்பட வேறை ஆக்கள் வந்திட்டினம்."

"நான் சொன்னது பிழை. வெளியிலை விட்டதை மட்டும் சொல்லேல்லை. அந்தச் சொல்லு."

"ஓம். அது பிழைதான்."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்வான் என்று அவர் ஒருவேளை எதிர்பார்த்திருந்தார். சொல்லாமல் விட்டது நல்லது என்று பிறகு தோன்றியது. பரவாயில்லை என்றிருந்தால் அதோடு எழுந்து போயிருக்கலாம். இப்போது அவர்கள் இரண்டு பேரும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே மற்றவர்கள் வரும்வரை இருந்தார்கள். கயிறு குழம்பிக் கிடந்தது. அவர் ஒரு நுனியைப் பிடித்துக்கொடுத்தார்.

அன்றைக்கும் அவர் மிதக்கவில்லை. ஆனால் குளிர் தொடங்கியவுடன் தானாகக் கையை உயர்த்தி, "எனக்கு விறைக்குது, கரைக்குப் போறன்" என்று சொன்னார். எமிலியானுஸ் தலையாட்டினான்.

எட்டாவது வகுப்பில்தான் அது நடந்தது. அவன் பின்தலைக்குக் கீழே உள்ளங்கையை வைத்திருந்தான். காதுகள் தண்ணீருக்குள் போனதும் அல்போன்சம்மாவின் பிரார்த்தனையும் சிவபாதத்தின் கதையும் நின்றுவிட்டன. வானம் வெளிறிக் கிடந்தது. ஒரு கொக்கு குறுக்கே போனது. அது கண்ணுக்கெட்டாமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலைக்குக் கீழே கை இருக்கிறதா என்று யோசித்தார். இல்லை. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. யோசித்த உடனேயே தாண்டு, உப்புத் தண்ணீர் குடித்து, இருமிக்கொண்டு எழும்பினார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"முப்பது மட்டும் எண்ணினனான். பிறகு எண்ணேல்லை" என்றான் எமிலியானுஸ்.

பத்தாவது வகுப்புக்குத் தர்சனா சான்றிதழ்களையும் கமெராவையும் கொண்டு வந்தாள். சிவபாதம் கரையோரமாக இருபது மீற்றர் நீந்திக் காட்டினார். அல்போன்சம்மா பத்து மீற்றர் போய், நிற்கத் தெரியாமல் இன்னும் இரண்டு மீற்றர் போனார். சறோஜினிதேவி ஆறு தரம் கையை வீசினார். ஏழாவதில் கால் நிலத்தில் பட்டுவிட்டது. ஏழு பேரில் அவர்தான் கடைசி.

சான்றிதழை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"பிள்ளை, எனக்கு இது வேண்டாம். ஆறு வீச்சுக்கு ஒருத்தரும் வகுப்பேத்த மாட்டினம். நான் இந்த வகுப்பிலையே திருப்பி இருந்து படிக்கிறன்."

"ரீச்சர், இதிலை பாஸ் ஃபெயில் எண்டு ஒண்டும் இல்லை. வந்த எல்லாருக்கும் குடுக்கிறதுதான்."

"உங்கடை பட்டியலிலை இல்லாமல் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவர் வலது பக்கமாக எமிலியானுஸிடம் திரும்பினார். "திருப்பிப் பழக்குவீரோ?"

தெற்கிலிருந்து காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. எமிலியானுஸ் கடலைப் பார்த்தான்.

"இப்ப ஏலாது ரீச்சர், சோழகம் தொடங்குது. ஓயட்டும். புரட்டாதியிலை வாங்கோ."

"வாறன்" என்றார் அவர். அல்போன்சம்மா எல்லோருக்கும் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சிவபாதம், அடுத்த வருட வகுப்பு சிங்களமா மோட்டார்சைக்கிளா என்று தர்சனாவோடு வாதாடிக்கொண்டிருந்தார்.