கையால் ஓட்டிய விமானம்

அம்மாவின் விமானப் பயத்தைப் போக்க நான் சொன்ன அரை உண்மைதான் வினையாகப் போயிற்று. மேலே ஏறியதும் மெசினே ஓட்டிக்கொள்ளும், விமானிகள் நாங்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று சொல்லிவைத்தேன். பயம் போயிற்று, கூடவே என் மரியாதையும் போயிற்று.

வாழவந்தி எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்து, எடை போட்டுக் கூலி வாங்கி என்னை வளர்த்தவள் அம்மா அருக்காணி. சும்மா உட்கார்ந்திருப்பவளுக்குச் சம்பளமா என்று அவளுக்கு ஒரே அவமானம். மீனாட்சி பிளேன் ஓட்டுகிறாளாமே என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உண்மையில், வானிலை நன்றாக இருந்தால் கேப்டனிடம் கேட்டுக் கையால் ஓட்டிப் பழகுகிறவள் நான். கிரைண்டர் இருக்க ஆட்டுக்கல்லைத் தேடுகிறேன் என்று கேப்டன் ரகோத்தமன் கேலி செய்வார்.

சென்னைக்கு என்னைப் பார்க்க வந்திருந்த அம்மாவை, நான் துணை விமானியாகப் போன சேலம் விமானத்தில் ஏற்றினேன். ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது எங்கள் சின்ன விமானம் எம்மாத்திரம்? சேர்வராயன் மலையை நெருங்கியதும் தூக்கிப் போட்டது. எச்சரிக்கை மணி அடித்து, அதுவரை விமானத்தை ஓட்டிவந்த தானியங்கி விலகிக்கொண்டது. கேப்டனின் கை மறுபடி அதன் பொத்தானுக்கே போனது. அழுத்தி அழுத்திப் பார்த்தும் அது பிடிக்கவில்லை. விமானம் இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

"நான் ஓட்டறேனுங்க சார்" என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் விட்டார்.

பின்னால் அம்மா இருக்கிறாள் என்ற நினைப்பில் மனம் பதறியது. பழகிய கை மட்டும் பதறவில்லை. சாய்வை நிமிர்த்தி, வேகத்தைப் பிடித்து, ஓடுபாதை வரை கையாலேயே கொண்டுவந்து இறக்கினேன். கேப்டன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் தானும் கையால் ஓட்டிப் பழகப்போவதாகச் சொன்னார்.

வெளியே அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெசின் பாதியில் நின்றதையும் மீதியை நான் ஓட்டியதையும் சொன்னேன். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

விமானத்தைச் சோதனைக்காக அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நானும் அனுமதி வாங்கிக்கொண்டு அம்மாவோடு ஊருக்குக் கிளம்பினேன். ஏற்காடு பஸ்ஸில் எங்கள் எஸ்டேட் பாவாயி ஏறினாள். அவள் உட்காரும் முன்பே அம்மா தொடங்கிவிட்டாள்.

"ஏனுங்க பாவாயி, பிளேனு மொதல்ல அலுங்காம குலுங்காம வந்துச்சு. அது வெறும் மெசினு ஓட்டுனதுங்க. அப்பறம் மலைக்கு மேல கொடலு வாய்க்கு வர்ற மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அது பூராவும் எம்புள்ள ஓட்டுனதுங்க."

பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. காற்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.