ஜுவேரியா கை தூக்கினாள்

ஜமீலுன்னிசாவுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அளவு தெரியும். ராயப்பேட்டையில் பதினெட்டு வருடமாகப் பெண்களுக்குத் துணி தைக்கிறவள். தெருவில் நடந்து போகிறவளைப் பார்த்தே தோள் பதினாலா பதினாலரையா என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் மகள் துப்பாக்கியைத் தோளில் வைத்த முதல் நாளே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

மகள் ஜுவேரியாவுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் ஏர் ரைஃபிள் சுட்டுக் கொஞ்சம் பெயர் வாங்கியிருந்தாள். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டிக்குப் போயே தீருவேன் என்று ஆறு மாதம் வீட்டில் நச்சரித்து, ஊருக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் சேர்ந்தாள். பயிற்சியாளர் மஹதி மயிலாப்பூர்ப் பெண். அவளுக்கே இருபத்தாறு வயதுதான். சிறியவர்களுக்கென்று அங்கே ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது.

"மேடம், இன்னா இவ பின்னாடி சாஞ்சிக்கினு நிக்கிறா? கட்டை நீளம் ஜாஸ்தியா கீது," என்றாள் ஜமீலுன்னிசா.

மஹதி துப்பாக்கியை வாங்கித் திறந்து, காலி என்று இருவருக்கும் காட்டினாள். பிறகு தோளில் பதியும் மரக்கட்டையின் பின்முனையை ஜுவேரியாவின் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தாள். விரல் விசைக்கு எட்டவில்லை.

"கரெக்டா சொல்றேள் ஆன்ட்டி. இப்படியே சுட்டா தோள் வீங்கிடும். துப்பாக்கியும் கைக்குள்ள நிக்காது."

பின்முனை ரப்பரைக் கழற்றி, அதற்குள் நீளத்துக்காக வைத்திருந்த துண்டுகளில் இரண்டை எடுத்தாள். மறுபடி அளந்தபோது சரியாக இருந்தது.

"சுடும்போது அந்தப் பஞ்சு வெச்ச கோட்டுதானே போடுவா?" என்று கேட்டாள் ஜமீலுன்னிசா. "அப்போ கோட்டோட அளங்க. அது அரை இஞ்சு சாப்பிட்டுடும்."

மஹதி ஜுவேரியாவை அருகே கூப்பிட்டாள். கோட்டைப் போடச் சொல்லி அளந்தாள். மூன்றாவது துண்டும் வெளியே வந்தது. அன்று ஜுவேரியா முன்னால் சாய்ந்து நின்று சுட்டாள். நான்காவது தட்டு காற்றில் பொடியானது.

எட்டு மாதம் கழித்து முதல் போட்டி. சிறுமிகள் பதினோரு பேர், ஆளுக்கு இருபத்தைந்து தட்டுகள். கம்பிவேலிக்குப் பின்னால் ஜமீலுன்னிசா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். முதல் பத்தில் ஜுவேரியா எட்டை உடைத்தாள். அந்த நேரத்தில் அவள்தான் முன்னால் இருந்தாள்.

பதினோராவது தட்டு பறந்தது. ஜுவேரியா விசையை அழுத்தினாள். வழக்கமான வெடிச்சத்தம் இல்லை. பாட்டில் மூடி திறந்ததுபோல 'டப்' என்று மட்டும் கேட்டது. தட்டு உடையாமல் போய்ப் புல்லில் விழுந்தது.

அடுத்த தோட்டாவைப் போட்டுக்கொண்டு தொடர வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜுவேரியா துப்பாக்கியைத் திறக்கவில்லை. குழலை மைதானத்தை நோக்கியே வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கினாள்.

"பயந்துட்டா போல," என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். இன்னொருவர் சிரித்தார். ஜமீலுன்னிசாவுக்குக் காது மடல் சுட்டது. சுடு, சுட்டுத் தொலை என்று உள்ளுக்குள் கத்தினாள். மகள் அசையவில்லை. கை மட்டும் உயர்ந்தே இருந்தது.

நடுவர் வெள்ளைத்துரை வந்தார். "என்னம்மா?"

"சார், சத்தம் கம்மி. தோள்லயும் இடிக்கல. குழலுக்குள்ள ஏதோ நிக்குதுன்னு நெனைக்கிறேன்."

அவர் துப்பாக்கியை வாங்கி, சற்றுப் பொறுத்துத் திறந்து, வெற்றுத் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழல் வழியே வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. நீளக் கம்பியை விட்டுத் தள்ளியதும் தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பு ஒன்று புல்லில் விழுந்தது. கூடவே ஈயக்குண்டுகள் பொலபொலவென்று கொட்டின.

அவர் வேலிப் பக்கம் திரும்பினார். "மருந்து சரியா எரியாத தோட்டா. இந்தப் பிள்ள இன்னொண்ணு போட்டுச் சுட்டிருந்தா குழல் வெடிச்சிருக்கும். கை போயிருக்கும், கண்ணு போயிருக்கும்." சிரித்தவர் தன் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்தத் தட்டுக்குப் பதில் வேறொன்று கொடுத்தார்கள். குழலைத் தானும் ஒருமுறை பார்த்த பிறகுதான் ஜுவேரியா சுட்டாள், அது உடைந்தது. ஆனால் அதன்பின் ஒவ்வொரு முறையும் குழலைப் பார்த்துப் பார்த்துச் சுட்டதில் ஆறு தட்டுகளைத் தவறவிட்டாள். மொத்தம் பதினேழு. நான்காம் இடம். பதக்கம் மூன்று பேருக்குத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருந்தபோது கணவர் ஷரஃபுதீன் போன் செய்தார். "மெடல் கெடச்சுதா?"

"மெடலா?" ஜமீலுன்னிசாவின் குரலுக்கு முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அத்த வுடுங்க. அத்தினி பேரு பாத்துக்கினு கீறாங்க, நானே சுடுடி சுடுடின்னு மனசுல கத்துறேன். உங்க பொண்ணு யாருக்கும் அசையாம நின்னா. புரியுதா? நின்னா! மொதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க."

ஜுவேரியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நந்தனம் சிக்னல் வரைக்கும் அம்மா நிறுத்தவே இல்லை. நிறுத்தச் சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை.