பின் பம்பரில் இரண்டு சைக்கிள்கள்

டிரெய்லரின் பின் பம்பரில் சைக்கிளை மாட்டாதே என்று வெர்லின் ஹௌகனிடம் சொல்லாத ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. மனுஷர் காதில் போட்டுக்கொண்டால்தானே! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் யார் என்ன பேச முடியும்? பக்கத்து வீட்டு மைரன் மட்டும் விடாமல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிப் பார்த்தார்.

"யோவ், அது கக்கூஸ் தண்ணி போற குழாயச் சொருகி வெக்கிற டப்பாய்யா. பாக்கத்தான் இரும்பு. அதுல போயி ரெண்டு சைக்கிளத் தொங்கவிடறியே, ஒரு நாள் இல்ல ஒரு நாள் வெல்டிங் விட்டுக்கும். பின்னால வர்றவன் தலையிலதான் விழும், பாத்துக்கோ."

மைரன் சொன்னது பொய்யில்லை. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் அந்த டிரெய்லர் வீட்டில் அடுப்பு உண்டு, கட்டில் உண்டு, கக்கூஸ் உண்டு. ஆனால் பின்னால் இருக்கும் பம்பர் வெறும் மெல்லிய குழாய்தான். குண்டு குழியில் டிரெய்லரின் வால் எப்படித் தூக்கித் தூக்கிப் போடும் என்பது இழுத்தவனுக்குத்தான் தெரியும். மினசோட்டாவில் ஆயுசெல்லாம் சோளம் விதைத்து, தன் கலப்பையைத் தானே பற்றவைத்து ஓட்டிய வெர்லினுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தேதான் மாட்டினார்.

வேறு வழியெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்திருந்தார். முன்பெல்லாம் பிக்கப்பின் பின்தொட்டியில் போட்டுக்கொண்டு போவார்கள். இப்போது அங்கே மனைவி ஆர்லிஸின் மாற்றுத் துணிகளும், ரப்பர் விரிப்புகளும், துவைக்கத் தண்ணீரும் அடைந்து கிடந்தன. கூரைமேல் தூக்கிவைக்க அவருடைய தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. டிரெய்லரின் முன்மூக்கில், எரிவாயு சிலிண்டர்களுக்கு மேலே, ஒரு தாங்கி வைத்துப் பார்த்தார். ஒடித்துத் திருப்பியபோது சைக்கிளின் கைப்பிடி பிக்கப்பின் பின்கண்ணாடியைத் தூள் தூளாக்கியது. சரி, டிரெய்லருக்கு உள்ளேயே கட்டிலோரம் கட்டிவைப்போம் என்று போன வருஷம் வைத்தார். மத்தியானம் தூங்கி எழுந்த ஆர்லிஸ், யாரோ இரண்டு பேர் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நடுங்கிப்போய் அலறிவிட்டாள். சைக்கிள்தான் அது என்று அவர் மணியை அடித்துக் காட்டியும் அவள் நம்பவில்லை.

சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வயிறு எரிகிறது. ஆர்லிஸுக்கு அடுப்பை அணைக்க மறந்துபோயிற்று, பேரன்களின் பெயர் மறந்துபோயிற்று, சட்டையில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்பது மறந்துபோயிற்று. சைக்கிள் மட்டும் மறக்கவில்லை. பிளாக் ஹில்ஸ் மலையில் பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஏறி உட்கார்ந்தாளானால் முதுகு நிமிரும், கால் தானாகச் சுழலும், வளைவு வந்தால் கையைக் காட்டித் திரும்புவாள். பின்னால் ஓட்டிக்கொண்டு போகும் வெர்லினுக்கு அந்த ஒரு மணி நேரம் தன் பெண்டாட்டி முழுசாகத் திரும்பக் கிடைத்துவிடுவாள். அதற்காக அவர் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கட்டித் தொங்கவிட்டிருப்பார்.

இந்தத் தடவை இன்னொன்றும் இருந்தது. சூ ஃபால்ஸ் நகரில் நர்ஸாக இருக்கும் மகள் ரெனே, ஞாபகம் போனவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் அம்மாவுக்கு ஓர் அறை பேசி வைத்திருந்தாள். அப்பாவும் மகளும் ஒரு மாசம் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் ரெனே இறங்கிவந்தாள். இந்த ஒரு பயணம் போய் வரட்டும். அம்மாவை ஒரு குறையும் இல்லாமல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் அடுத்த வசந்தம் வரைக்கும் இல்லத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டாள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அப்பா மறுபேச்சுப் பேசக்கூடாது. வெர்லின் சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

பம்பருக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துப் பற்றவைத்தார். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் வெல்டிங்கைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது என்று தனக்குத்தானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்.

ஆனால் தடவிப் பார்ப்பது அவருடைய வேலை இல்லையே! டிரெய்லர் இழுக்கும் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவருக்கு டிரெய்லரின் பின்புறம் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. அதனால் கிளம்புமுன் இன்னொருவர் ஒரு சுற்று சுற்றி வருவார். கொக்கி, சங்கிலி, டயர், பின்விளக்கு என்று தொட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்று குரல் கொடுப்பார். குரல் கொடுத்தாயிற்று என்றால் ஓட்டுகிறவர் இறங்கிப்போய் மறுபடி பார்க்கக் கூடாது. பார்த்தால், உன்னை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். இதனாலேயே பேச்சுவார்த்தை முறிந்த தம்பதிகள் உண்டு. அந்தச் சுற்று, கல்யாணமான நாளிலிருந்து ஆர்லிஸுடையது.

கிளம்பிய அன்று முதல் பெட்ரோல் பங்கில் அவள் சுற்றிவந்து, "எல்லாம் சரியா இருக்கு" என்று பழைய குரலிலேயே சொன்னாள். வெர்லினுக்கு மனசு கேட்கவில்லை. ஏதோ குப்பை போடப் போகிறவர் மாதிரி பின்னால் போய் வெல்டிங்கைத் தடவினார். கெட்டியாகத்தான் இருந்தது. திரும்பினால் அவள் நிற்கிறாள்.

"நீ என் பின்னாடியே வந்து பாக்கறதா இருந்தா, என்னை எதுக்கு அனுப்பற?" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "இது ஒண்ணுதான் இன்னும் எங்கிட்ட இருக்கு, வெர்லின்."

அதற்கப்புறம் அவர் இறங்கவில்லை. தப்புதான். பெரிய தப்பு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எந்தப் புருஷன் மறுபடி இறங்குவான், சொல்லுங்கள்.

மிசூரி ஆற்றங்கரையில் நிறுத்தி ஹாம் சாண்ட்விச் தின்றார்கள், குடுவையிலிருந்து காபி குடித்தார்கள். அவள் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டாள். துடைத்துவிட்டார். கிளம்பும்போது அவள் ஒரு சுற்று போனாள். வழக்கத்தைவிட நேரமாயிற்று. கதவின் கைப்பிடியில் கைவைத்துவிட்டு, பொறு, பொறு என்று தன்னையே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வந்து ஏறி, பெல்ட்டைப் போட அவரிடம் நீட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்கு."

ஆற்றைத் தாண்டி மேட்டில் ஏறியதும் காற்று பிடித்துக்கொண்டது. அந்தச் சமவெளியில் காற்று அடித்தால் மாடே சாய்ந்து நிற்கும். ரோட்டு வெடிப்புகள் மேல் டிரெய்லர் துள்ளித் துள்ளி வந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு லாரிக்காரன் ஹாரனை அடித்தபடியே பக்கத்தில் வந்து, பின்னால் பார், பின்னால் பார் என்று கையை ஆட்டினான். வெர்லின் வேகத்தைக் குறைத்தார். ஓரம் கட்டினார்.

பம்பர் ஒரு பக்கம் பிய்ந்து தார் ரோட்டில் கிடந்து இழுபட்டு வந்திருந்தது. சைக்கிள்களைக் காணோம். அவருடையது தூரத்தில் புல்லில் விழுந்து கிடந்தது. ஆர்லிஸின் நீலச் சைக்கிள் ரோட்டின் நடுவில், ஏதோ ஒரு லாரிச் சக்கரத்தில் ஏறி இறங்கி, அப்பளமாகியிருந்தது. அதில் மோதாமல் இருக்க ஒடித்த கார் ஒன்று பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஓட்டிவந்த பெண் வெளியே உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். பட்டகாயம் ஏதுமில்லை, உடம்புதான் உதறிக்கொண்டிருந்தது. வெர்லின் அவள் முன்னால் முழங்கால் போட்டு, மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்கம்மா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ரோந்துப் போலீஸ்காரர் வந்தார். மரியாதையான ஆள். படம் எடுத்தார், உடைந்த வெல்டிங்கைக் குனிந்து பார்த்தார். ஓரத்தில் ரோட்டுப் புழுதி அப்பியிருக்கிறதே, இது இப்போது விட்ட விரிசல் இல்லையே என்றார். கடைசியாக நிறுத்திய இடத்தில் யாராவது பின்னால் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"நான்தான் பாத்தேன்" என்றார் வெர்லின், கொஞ்சமும் யோசிக்காமல். "நல்லாத்தான் இருந்துச்சு."

"இல்ல" என்றாள் ஆர்லிஸ்.

அவள் எப்போது வண்டியை விட்டு இறங்கினாள் என்று தெரியவில்லை. அந்த நசுங்கின சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது; சைக்கிள் பாதையில் மட்டுமே அவர் பார்க்கும் முகம்.

"நான் பாத்தேன்" என்றாள். "அதுல ஒரு கோடு இருந்துச்சு. வெரல வெச்சேன், நகம் உள்ள போச்சு. அது இருக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. ரொம்ப நேரம் யோசிச்சேன். அப்புறம் எல்லாம் சரின்னு சொல்லிட்டேன்."

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். வெர்லின் அவள் கையைப் பிடித்து, அவ ஏதோ சொல்றா சார் என்று ஆரம்பித்தார். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"பொய் சொல்லாத. உனக்கு வராது." பள்ளத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினாள். "அந்தப் புள்ள செத்திருந்தா?"

அவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெனேவுக்குப் போன் போடு. அந்த ரூம எடுத்துக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. இப்பவே போடு, வெர்லின். அப்புறம் எனக்கு மறந்துடும்."

காற்று அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர் அதைத் துரத்தவில்லை. போனை எடுத்தார், எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. ரெனே எடுப்பதற்குள் ஆர்லிஸ் ரோட்டோரத்துப் புல்லைக் கிள்ளி மடித்துக்கொண்டே பிக்கப்பின் பக்கம் நடந்துவிட்டாள். பாதி வழியில் திரும்பி, இன்னும் ஏன் நின்றுகொண்டிருக்கிறோம், மலைக்குப் போவதற்குள் இருட்டிவிடாதா என்று கேட்டாள். முகம் மறுபடி கலங்கிப்போயிருந்தது.

"அப்பா? ஹலோ, அப்பா?" என்றது போன். "என்ன ஆச்சு? அம்மா நல்லாருக்காங்களா?"

நல்லாருக்கா என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடலாம். டயர் வெடித்தது, ஒரு நாள் தாமதமாகும் என்று சொன்னால் ரெனே நம்புவாள். ஆர்லிஸ் சொன்ன சொல் ஆர்லிஸிடமே இல்லை இப்போது. அது அவர் ஒருவரிடம்தான் இருந்தது. வசந்தம் வரைக்கும் அவளை வீட்டிலேயே, தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். கேட்க ஒரு நாதி கிடையாது.

வெர்லின் பிக்கப்பைப் பார்த்தார். அவள் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைக் கையில் பிடித்தபடி, அவர் வந்து மாட்டிவிடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா, ரெனே" என்றார். அதற்கு மேல் அவருக்கு அழுகைதான் வந்தது. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.