சாந்தகுமார் வீட்டு ஆறு

சாந்தகுமார் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த டேப்பஸ்ட்ரி ஆற்றிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஆம்பூரில் தக்காளி கிலோ நாற்பது. இரண்டைப் பற்றியும் ஊர் ஒரே அளவுதான் பேசியது.

டேப்பஸ்ட்ரி என்றால் நூலாலேயே படம் நெய்த சுவர்த்திரை. அந்தக் காலத்து பெல்ஜியத்தில் அதன் முதுகுப்பக்கம் உட்கார்ந்து நெய்வார்களாம்; முன்னால் நின்று ரசிக்கிற சீமானுக்கு நெய்கிறவன் முகம் தெரியாது. அங்கே கிழிந்துபோனவற்றை சாந்தகுமாரின் தோல் கம்பெனி மலிவாக வரவழைத்து, பின்னால் தோல் வைத்துத் தைத்து, குஷன் உறைகளாக அந்த ஊருக்கே திருப்பி விற்றது. மானும் கோட்டையும் ஆறும் உள்ள பெரிய திரையை மட்டும் அவர் தன் ஹாலுக்கு வைத்துக்கொண்டார். அதில் ஆற்றைப் பூச்சி தின்றிருந்தது.

சரிசெய்ய, தையல் பிரிவிலிருந்து மாதனூர் ஆக்னஸை அழைத்தார். கம்பெனிக் கழிவில் அவள் வீட்டுக் கிணறு நீலப்பச்சையாகி, தென்னைகள் மொட்டையாகி மூன்று வருஷம். நியாயம் கேட்டபோது சர்ச் வாசலில் அத்தனை பேர் முன்னால் சாந்தகுமார் சிரித்தார்: "அது மண்ணோட கலரு, ஆக்னஸ். குடிச்சாலும் ஒண்ணும் ஆவாது." அந்த வார்த்தையை அவள் ஜெபம் மாதிரி தினமும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பளி நூலுக்கு ஆற்று நிறத்தில் சாயம் வேண்டும் என்றாள்.

"அதுக்கு வேற தண்டம் அழணுமா? உன் வூட்லயே எதுலயாவது முக்கி எடுத்துனு வா."

ஆக்னஸ் வெள்ளை நூலைத் தன் கிணற்றில் இறக்கினாள். மறுநாள் எடுத்தால் அப்பழுக்கில்லாத ஆற்று நிறம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வாரக்கணக்கில், பல்லைக் கடித்துக்கொண்டே இழை இழையாக நெய்தாள். கடைசி முடிச்சு விழுந்ததும் ஆறு ஓடியது. சோபா மிதந்தது. திரையைச் சுருட்டி மொட்டைமாடியில் போட்டார்கள். படிக்கட்டு வழியாக ஆறு ஹாலுக்கே திரும்பி வந்தது. இங்கே கொட்டக் கொட்ட, மாதனூரில் கிணறு தெளிந்தது.

சாந்தகுமார் பேண்ட்டை மடித்துக்கொண்டு மாதனூருக்கே வந்தார். கேட்டதைத் தருகிறேன், நெய்ததைப் பிரித்துவிடு என்றார்.

"பிரிச்சா எங்க சார் போவும்? என் கெணத்துக்குத்தான் திரும்பி வரும்," என்றாள் ஆக்னஸ். "இன்னாத்துக்கு பேஜாரு? மண்ணோட கலருதானே. குடிச்சாலும் ஒண்ணும் ஆவாது."

இப்போது அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலைக் கடக்கிறார்கள். கேன் தண்ணீர் வாசற்படி தாண்டினால் நீலப்பச்சையாகிவிடுகிறது. மாறாதது ஆக்னஸின் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான். ஆகவே சாந்தகுமார் தினமும் குடத்தோடு அங்கே வரிசையில் நிற்கிறார். அவர் முறை வரும்போது ஆக்னஸ் கயிற்றைச் சுருட்டி வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுகிறாள்.